வேனை விட்டு இறங்காத சம்பந்தி

என் வீட்டுக்காரர் பெயர் வைரவன். கட்டியவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று என் மாமியார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். பெயரைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு அந்த மனுஷன் என்னை நிம்மதியாக வைத்திருந்தால் நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். அடையாறு டிப்போவில் கண்டக்டர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. பின்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை தேடுவான்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஜோக்கர் என்றால் பயம்.

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டியதையெல்லாம் நான் கல்யாணமான புதிதிலேயே சிரித்துத் தீர்த்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு எரிச்சல்தான் மிச்சம். சர்க்கஸ் கோமாளி, பிறந்தநாள் வீட்டில் பலூன் கொடுக்கிறவன், துணிக்கடை வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கை கொடுக்கிறவன், யாராக இருந்தாலும் சரி. முகத்தில் வெள்ளையடித்து, சிவப்பு மூக்கு வைத்து, காது வரைக்கும் வாய் வரைந்திருந்தால் போதும், எங்கள் வீட்டுக்காரருக்குக் கை சில்லிட்டுவிடும். உதடு காய்ந்துவிடும். கத்தமாட்டார், கலாட்டா பண்ணமாட்டார். 'வயிறு சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்வார். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார்.

இந்த வயிற்றுக் கதையை நம்பி எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவருக்கு வைத்தியம் சொல்கிறார்கள். சீரகத் தண்ணீர் குடி என்கிறார் ஒருவர், மோரில் பெருங்காயம் போடு என்கிறார் இன்னொருவர். என் தங்கை எப்போது வந்தாலும் ஓமத் தண்ணீர் பாட்டிலோடுதான் வருவாள். உண்மையில் அது கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. நான் ஆக்கிப் போட்டவள், எனக்குத் தெரியாதா?

வேறு எதற்காவது பயந்த மனுஷனாக இருந்தால் கூடப் பரவாயில்லை, பயந்த சுபாவம் என்று விட்டுவிடலாம். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். பெருவெள்ளம் வந்த வருஷம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார். அதற்கப்புறம்தான் எங்களையெல்லாம் கிளப்பிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். காலேஜ் பையன்கள் பஸ் கூரைமேல் ஏறித் தாளம் போட்டபோது, டிரைவர் பவுல்சாமி ஸ்டியரிங்கை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்க, இவர் ஒற்றை ஆளாகப் போய் அத்தனை பேரையும் இறக்கினார். பட்டாக்கத்தி வைத்திருந்தவனும் அதில் ஒருவன். அவனிடம், 'உன் அம்மா நம்பர் கொடு, நான் பேசிக்கிறேன்' என்று கேட்டாராம். பையன் கத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினானாம்.

அதே பஸ்ஸில், அதே பவுல்சாமி டிரைவர். லஸ் கார்னரில் ஒரு ஜோக்கர் ஏறினான். மயிலாப்பூரில் ஒரு பிறந்தநாளை முடித்துவிட்டு அடையாறில் அடுத்த பிறந்தநாளுக்குப் போகிறவன். நடுவில் எதற்கு முகத்தைக் கழுவுவானேன் என்று வேஷத்தோடு ஏறிவிட்டான் போலிருக்கிறது. இவர் டிக்கெட் கேட்கவில்லை. விசிலை ஊதினார். மந்தைவெளி வருவதற்குள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பவுல்சாமியிடம் வயிறு என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இன்னொரு கண்டக்டர் வருகிற வரைக்கும் பஸ் அங்கேயே நின்றது. பயணிகள் வாயில் வந்தபடி ஏசினார்கள். அந்த ஜோக்கர் மட்டும் நல்ல மனசோடு இறங்கி வந்து, இன்னாண்ணே உடம்புக்கு என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினானாம். இவர் எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடினார். இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினார் என்று பவுல்சாமி என்னிடம் சொன்னார். ஜோக்கருக்குப் பயந்து லாரியில் அடிபட்டுச் செத்தான் என்று போஸ்டர் அடிக்க முடியுமா?

ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார் இருந்தவரைக்கும் தீவுத்திடல் பொருட்காட்சிக் கதையைச் சொல்வார். சின்ன வயதில் அங்கே ஒரு கோமாளி இவரைத் தூக்கிப்போட்டுப் பிடித்தானாம், பயந்து மூன்று நாள் காய்ச்சலாம். இவரைக் கேட்டால், அந்தப் பொருட்காட்சிக்குப் போனது அண்ணன், நான் வீட்டில் இருந்தேன் என்பார். எங்கள் பெண் தமிழ்நிலா பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் செல்போனில் படித்துவிட்டு, உலகம் பூரா நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது, இதற்கென்று தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்றாள். மனுஷனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. 'பேரே கீதாம்' என்று எனக்கு இரண்டு தடவை சொன்னார். சர்க்கரை வியாதிக்கும்தான் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் ஆயிற்றா?

ஒரே ஒரு தடவை அவராகவே வாயைத் திறந்து காரணம் சொன்னார். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது, இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பஸ்ஸுல ஏறுறவன் மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். இவன் டிக்கெட் எடுக்கமாட்டான், இவன் பாக்கெட்டுல கை வெக்கிறவன், இவ வூட்டுல சண்ட போட்டுக்கினு வந்துகிறா. எல்லாம் மூஞ்சில கீது. அவன் மூஞ்சில இன்னா கீது சொல்லு. சிரிப்பு வரைஞ்சு வெச்சுகிறான். உள்ள அவன் அழுவுறானா, கத்தி எடுக்கப்போறானான்னு எப்டித் தெரியும்?"

"அவன் உள்ள எப்போ இத்த கழட்டிட்டு டீ குடிக்கலாம்னு கீறான்யா" என்றேன். வேறு என்ன சொல்வது? சட்னி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு அந்த விளக்கம் அன்றைக்கு ஏறவே இல்லை. அவரோடு நான் சர்க்கஸ் பார்த்ததில்லை, பொருட்காட்சி பார்த்ததில்லை, யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் குடும்பமாகப் போனதில்லை. எனக்கு வேண்டியது விளக்கமில்லை. ஒரே ஒரு நாள் சர்க்கஸ்.

தமிழ்நிலாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. சித்தார்த்தன், அவளோடு வேலை பார்க்கிற பையன். அவனுடைய அப்பா புகழேந்தி மயிலாப்பூரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீடு சொந்த வீடு. எங்களைவிட இரண்டு படி மேலே. ஆனால் ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனுஷர். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே, காற்று நன்றாக வருகிறதே என்று சொன்னவர். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

நிச்சயம் முடிந்த கையோடு நான் இவரிடம் சொன்னேன். சம்பந்தியம்மா சுலோச்சனாவின் காதில் மட்டும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன், இந்தக் காலத்தில் ரிசப்ஷனுக்கு என்னென்னமோ வேஷமெல்லாம் வருகிறது என்றேன். மனுஷன் துள்ளிக் குதித்தார். மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும், பெண்ணுக்குத்தான் கேவலம், காலம் பூரா ஜோக்கருக்குப் பயந்தவன் மகள் என்று பேசுவார்கள் என்றார். அதோடு விட்டாரா? தமிழ்நிலா தலையில் அடித்துச் சத்தியம் செய் என்றார். செய்து தொலைத்தேன்.

புடவை எடுக்கத் தி.நகர் போனோம். பெரிய கடை, வாசலில் ஜோக்கர். வயிறு. பனகல் பார்க்கில் போய் உட்கார்ந்துகொண்டார். என் மகளின் கூறைப்புடவையை நான் தனியாக எடுத்தேன். பார்டர் எப்படி என்று கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை.

சென்னைக் கல்யாணம் தெரியுமல்லவா? முதல்நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில்தான் முகூர்த்தம். ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, தாலிகட்டு நம் பொறுப்பு. இதில் ஒரு வினை இருக்கிறது. முதல்நாள் சாயங்காலம் சம்பந்திகளுக்குள் ஒரு முகச்சுளிப்பு வந்தால், மறுநாள் தாலி ஏறுமா என்கிற பேச்சு பந்தியிலேயே ஆரம்பித்துவிடும். அப்படி நின்றுபோன கல்யாணம் எங்கள் பழைய தெருவிலேயே ஒன்று உண்டு. குழம்பு ஊற்றுவதில் வந்த சண்டை.

மந்தைவெளியில் மண்டபம். பெண்ணை மத்தியானமே அழைத்துப் போய்விட்டார்கள். அலங்காரம் செய்கிற பெண் அடையாறிலிருந்து பெட்டியோடு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் சாயங்காலம் சீர்வரிசைத் தட்டுகளோடு வேனில் போய் இறங்கினோம். இறங்கினோம் என்றால் நாங்கள் இறங்கினோம். இவர் இறங்கவில்லை.

வாசலில் ஜோக்கர் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் கால்சட்டை, பச்சை முடி, முகம் பூரா வெள்ளை. வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து கை கொடுத்தான். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், எல்லாரையும் அசத்தவேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் கூட்டி வந்த ஏற்பாடாம்.

வேன் கதவருகே போய் மெதுவாக, இறங்குய்யா, நான் முன்னால் நடக்கிறேன், நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டே வா என்றேன். அவர் சீட்டின் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை.

"வயிறு..." என்றார்.

"உன் வயித்த இன்னிக்கு இங்கியே கழட்டி வெச்சிட்டு எறங்குய்யா. பொண்ணு உள்ள காத்துக்கினு கீது."

அசையவில்லை. நெற்றியில் வியர்வை வடிந்தது. வாசலில் சுலோச்சனாம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொரு கற்பூரம் வைத்தார்கள். அதுவும் அணைந்தது. எங்கள் ஆட்கள் தட்டுகளைத் தலைக்கு மேலும் இடுப்பிலுமாக மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். பெண்ணைப் பெற்றவன் முன்னால் போகாமல் அவர்கள் எப்படி உள்ளே போவார்கள்?

பெண்ணின் அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை என்றால், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரியாதையில் குறை. அவ்வளவுதான், எல்லாரும் குறையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தேடினால் கிடைக்காமல் போகுமா? வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். சுற்றிலும் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாமா, கறுப்புக் கண்ணாடி போட்ட சிநேகிதர்கள், அவர்கள் வீட்டு நாய்க்குட்டி. நாய்க்குட்டியின் பெயர்கூடப் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் படம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அதுவரைக்கும் நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்ததும் எனக்கே சுருக்கென்றது. ஆனால் வேனில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அந்தப் பேனர் பக்கம் திரும்பவே இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பேனராவது பந்தலாவது. எங்கள் ஆட்கள் விடுவார்களா? நாய்க்கு இருக்கிற மரியாதை எங்கள் ஆளுக்கு இல்லையா என்று இவருடைய அண்ணன் குரலை உயர்த்தினார். இறங்காவிட்டால் போகட்டும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் பதிலுக்குச் சொன்னார். யாரோ ஒருவர் சீர்த் தட்டை வேனுக்குள் திருப்பி வைத்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் அடங்கிவிடும். மகள் தலையில் அடித்த சத்தியம் குறுக்கே நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேனையே கவிழ்த்திருப்பேன்.

புகழேந்தி சம்பந்தி பேனரைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. மகனின் சிநேகிதர்களைக் கூப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். பேண்டு வாத்தியத்தை வரச் சொல்லி, மேடைக்கு வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்துவரச் சொல்லி, சம்பந்தியை முழு மரியாதையோடு வேனிலிருந்து அழைத்து வரவேண்டும் என்றார். நல்ல எண்ணம். அந்தப் பையன்களுக்கு முழு மரியாதை என்றால் என்ன தெரியுமா? மாலையை ஜோக்கர் கையில் கொடுத்து எல்லாருக்கும் முன்னால் நடக்கவிட்டார்கள்.

வேண்டாம் வேண்டாம் என்று நான் குறுக்கே போனேன். பேண்டு சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஜோக்கர் ஆடிக்கொண்டே வந்து, மாலையை இரண்டு கையிலும் விரித்து, வேன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்து, திரும்பிப் பார்க்காமல் தெருக்கோடிக்கு நடந்தார்.

பேண்டு நின்றது. பெண்ணின் அப்பா போட வந்த மாலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போகிறார். தெருவில் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். சுலோச்சனாம்மா ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தாய்மாமன் செல்போனை எடுத்து யாரிடமோ, காலையில் வருகிறவர்களை இப்போதைக்குக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லு என்றார். என் காதுபடவே சொன்னார்.

நான் பின்னால் ஓடினேன். தெருக்கோடி டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எனக்கு ஒரு புருஷன், அவனுக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு கல்யாணம், அதை ஒரு சிவப்பு மூக்குக்குப் பயந்து கெடுக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றேன். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு, சத்தியம் பண்ணியிருக்கிறாய் என்றார் இவர். அந்த நிலைமையிலும் சத்தியம் ஞாபகம் இருக்கிறது மனுஷனுக்கு.

அப்போது புகழேந்தி சம்பந்தி வந்தார். கூட யாரும் இல்லை. தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். இவருக்கு எதிரே நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

பேனர் தப்புதான், சின்னப் பசங்கள் செய்த வேலை, பெரியவன் நான் பார்த்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். காலையில் தாலி ஏறவேண்டும், என் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு மனசு நோகக்கூடாது என்றார். சொல்லிக்கொண்டே குனிந்தார். இவர் காலைத் தொடத்தான் குனிந்தார் என்று புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. கடை வைத்து, வீடு கட்டி, மரியாதையாக வாழ்ந்த மனுஷர். செய்யாத குற்றத்துக்குத் தெருவில் குனிகிறார்.

என் வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணல சம்பந்தி. பேனர நான் பாக்கவே இல்ல. எனக்கு ஜோக்கர்னா பயம்."

சம்பந்தி இவர் மீசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சின்ன வயசுலேர்ந்து பயம். இதோ பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்வதற்கு என்ன சம்பந்தி, எனக்கு லிப்ட் என்றால் ஆகாது, கதவு சாத்தினால் மூச்சு முட்டும், உங்கள் வீட்டுக்குக்கூட மாடிப்படி ஏறித்தானே வந்தேன் என்றார். மகனுக்குப் போன் போட்டார். ஜோக்கர் பையனைப் பின்பக்கம் கூட்டிப்போய் நன்றாகச் சாப்பாடு போட்டு அனுப்பு, ஒரு வார்த்தை கடிந்து பேசாதே என்றார். அவ்வளவுதான். முடிந்தது.

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவுதானா? கல்யாணமான நாளிலிருந்து நான் மூடி மூடி வைத்த ரகசியம். ஓமத் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வாங்கி அடுக்கினேனே, சர்க்கஸ் பார்க்காமல் தலை நரைத்தேனே. டீக்கடை வாசலில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். இதை நிச்சயத்தன்றே சொல்லியிருந்தால் கற்பூரமாவது மிச்சமாகியிருக்கும்.

மூன்று பேருமாக மண்டபத்துக்கு நடந்தோம். வாசலில் ஜோக்கர் இல்லை. இவர் மூச்சை இழுத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு, முதல் படியில் கால் வைத்தார்.

உள்ளேயிருந்து தமிழ்நிலா ஓடி வந்தாள். உங்க அப்பா மாலையைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார் என்று அலங்கார அறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அலங்காரப் பெண் ஹேர்பின்னோடு பின்னால் வர, இவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

என் வீட்டுக்காரர் படியிலிருந்து காலை எடுத்துப் பின்னால் வைத்தார்.

நான் அவளை அப்போதுதான் பார்க்கிறேன். முகத்தில் அவள் நிறம் இல்லை. மத்தியானத்திலிருந்து பூசிய வெள்ளை, கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. கன்னத்தில் சிவப்பு. கண்ணிமையில் ஒட்டுமுடி, விசிறி மாதிரி. உதட்டை அதன் எல்லையைத் தாண்டிப் பெரிதாக வரைந்து, ஓரங்களைச் சிரிக்கிற மாதிரி மேலே தூக்கியிருந்தாள் அந்த அலங்காரப் பெண். என் மகள் அழகாகத்தான் இருந்தாள். போட்டோவுக்கு நன்றாக வரும்.

அப்பா பின்னால் போனதை அவள் பார்த்துவிட்டாள். இரண்டு படிக்கு மேலே அப்படியே நின்றாள்.

பெற்ற மகளைப் பார்த்துப் பின்வாங்குகிறாயா என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன், பிள்ளை உடைந்துபோயிருப்பாளே, முதலில் அவளைப் பிடிப்போம் என்று. பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கோபமா, அழுகையா, இந்த ஆளோடு என்ன செய்வது என்கிற சலிப்பா, எதுவும் தெரியவில்லை. பத்து மாசம் சுமந்து பெற்றவள் நான். தொட்டிலில் கிடந்தபோதே அவள் முகத்தைப் பார்த்துப் பசியா வயிற்றுவலியா என்று சொல்லியிருக்கிறேன். அந்த முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு முதுகு சில்லென்றது. கத்த வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

தமிழ்நிலா இன்னும் ஒரு படி இறங்கினாள். கிட்டே வரவில்லை.

"அப்பா, நான் இப்போ கோவமா இருக்கேனா, அழுவுறேனா?"

இவர் அவளை உற்றுப் பார்த்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"தெர்லம்மா" என்றார்.

"அழுவுறேன்ப்பா. கண்ணுல தண்ணி வந்தா இது எல்லாம் கழண்டுடும்னு அந்தக்கா சொல்லிச்சு. அதான் உள்ளயே அழுதுகினு இருக்கேன். நீ வரலைன்னு அழுவுறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் படியேறிப் போனார்கள். சுலோச்சனாம்மா மறுபடி தட்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆரத்தி எடுக்கும்போதுகூட இவர் அந்தக் கையை விடவில்லை.

மேடையில் வந்தவர்கள் வாழ்த்தி முடித்துக் கடைசிப் பந்தி எழுகிற வரைக்கும் மகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். அடிக்கொரு தடவை அவள் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் நகர்ந்து போய்க் காது கொடுத்தேன்.

"இப்போ?" என்று கேட்டார்.

"சிரிக்கிறேன்ப்பா" என்றாள்.